கண்ணாடி வீட்டுக்குள் ஊட்டி

கடைசிக் கண்ணாடியைப் பொருத்தி, ஓரத்தில் பட்டிப் பசை இழுத்துவிட்டுப் பஞ்சாட்சரம் ஏணியிலிருந்து இறங்குவதற்குள், உள்ளே இருந்த ஆந்தூரியச் செடிகள் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன.

"இன்னா நைனா, செடி வளக்குறியா, இட்லி அவிக்கிறியா?" வாட்ச்மேன் லாரன்ஸ் கதவைத் திறந்த வேகத்திலேயே மூடினான்.

அடையாறு பங்களாவின் பின்பக்கம் அந்தக் கண்ணாடி வீடு வருஷக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. புயலில் பாதிக் கண்ணாடி போச்சு, மீதியில் பாசி. வீட்டுக்கார ஜோதிலட்சுமி அம்மா பெங்களூருக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னது இவ்வளவுதான்: "ஒரு கண்ணாடி விடாம பழையபடி பண்ணிடுப்பா. நான் வந்ததும் உபயோகத்துக்கு வேணும். நல்லாப் பண்ணினா, தோட்ட வேலை இனிமே உனக்குத்தான்."

கட்டட வேலையில் சாரம் ஏறி ஏறிப் பஞ்சாட்சரத்துக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இனி மாடிக்கணக்கில் ஏறினால் இறக்க நாலு பேர் வேண்டும். நிழலில் நின்று தண்ணி ஊத்துகிற வேலையை விட்டால் வேறு கதி இல்லை. அம்மா வந்து அசந்துபோகட்டும் என்று, வராந்தாவில் அவர் உயிராய் வளர்த்த ஆந்தூரியத் தொட்டிகளை அவனாகத்தான் உள்ளே கொண்டுவந்து அடுக்கியிருந்தான்.

"வெளிய எடுத்து வெச்சிடு நைனா, பொழச்சிக்கும்."

"வெளிய வெக்கவா இவ்ளோ பாடுபட்டேன்? வெயிலா நானான்னு பாத்துடறேன்டா."

கண்ணாடிக்கு உள்பக்கமாய்ச் சுண்ணாம்பு அடித்தான். வெயில் குறைந்தது, புழுக்கம் ஏறியது. சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டான். ஈரத்தில் சுண்ணாம்பு கரைந்து சொட்டி, இலையெல்லாம் விபூதி பூசிக்கொண்டது. எட்டிப் பார்க்க வந்த லாரன்ஸ் வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்தான்.

"ஐயோ, இடுப்பு போச்சே!"

"பாத்து வரக் கூடாதாடா? செடி மேல வுழுந்திருந்தா இன்னா ஆவுறது?"

அடுத்து, கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தான். பாரத்தில் இரும்புச் சட்டம் முனகியது. நடுவில் சவுக்குக் கம்பை முட்டுக்கொடுத்தான். கீற்றில் குடியேறிய அணில், கம்பு வழியாய் இறங்கி மொட்டைக் கடித்தது. வீட்டிலிருந்து கொசுவலையைக் கொண்டுவந்து கட்டினான்.

பெண்டாட்டி தேவானை போனில் கத்தியது லாரன்ஸ் வரைக்கும் கேட்டது. "செடிக்குக் கொசுவலையா? இங்க என்னத் தூக்கிக்கினு போவுது!"

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோடி. அப்புறம் நெழல் வேலை."

அம்மா வருகிற அன்றைக்குக் காலையில் உள்ளே போனால், ஊட்டிதான். அத்தனை குளுகுளு. செடிகள் நிமிர்ந்து, சிவப்புச் சிவப்பாய்ப் பூ விரித்து நின்றன.

"ஜெயிச்சுட்ட நைனா," என்றான் லாரன்ஸ். "ஒரு போர்வை குடு, இங்கியே தூங்கிடறேன்."

கார் வந்தது. ஜோதிலட்சுமி அம்மா நேராகப் பின்பக்கம் வந்தார். கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார். எடுத்து வெளியே வெயிலில் காட்டினார். மறுபடி உள்ளே நீட்டினார்.

அசந்துதான் போய்விட்டார் என்று, மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு பவ்யமாய் நின்றான் பஞ்சாட்சரம்.

இடுப்பில் மாவுக் குண்டானும் கையில் பிழிகிற அச்சுமாய்ப் பின்னாலேயே வந்த சமையல்காரி காவேரி, இருட்டுக்குள் எட்டிப் பார்த்து அலறினாள்:

"அடப்பாவி நைனா, ஒரு பொட்டு வெயிலு வுடலியே! காக்கா வாய் வெக்காம வடாம் காய வெக்கத்தானே அம்மா இத்த ரிப்பேர் பண்ணச் சொன்னாங்க!"