சரி போட்டுக் கையெழுத்திட்ட போர்க்கப்பல்

என் வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் படங்களுக்கு நீதிபதியாக இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புதுக் கலண்டர் வந்தால்கூட என் அபிப்பிராயத்தைக் கேட்காமல்தான் மாட்டுவார்கள். (அவர்களிலும் பிழையில்லை.)

உலகயுத்தத்தில் திருகோணமலையில் ஜப்பான் குண்டு விழுந்து, ஓடிப்போன சனம் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த காலம். துறைமுகத்தில் தண்ணீர் தெரியாத அளவுக்கு வெள்ளைக்காரரின் போர்க்கப்பல்கள். நான் ஈச்சிலம்பற்று என்ற கிராமத்திலிருந்து வந்து பட்டினத்துப் பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சித்திரச் சோதனையில் அருந்தப்பில் தப்பியவன். ஆனால் நடையும் தலைமயிரும் பெரிய ஓவியனுக்குரியவை.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண், தேயிலைக் கடை வேலுப்பிள்ளை முதலாளியின் மகள் இராசம். கோயிலில் ஒருதரம் தூர நின்று பார்த்ததோடு என் நித்திரை போய்விட்டது. இந்தச் சம்பந்தம் குழம்பினால் கதிர்காமத்துக்குப் போய்ச் சாமியாராவது என்று தீர்மானமே எடுத்திருந்தேன்.

கப்பற்காரரிடம் இருந்த, சிகரெட் பெட்டிக்குள் போட்டு வருகிற படமட்டைகளுக்காகப் பிள்ளைகள் அடிபடுவதை முதலாளி கண்டிருக்கிறார். தன்னுடைய தேயிலைப் பக்கற்றிலும் அப்படி ஒவ்வொரு மட்டை போட்டால், பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் தாய்மார் தன் கடைக்கே வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. கடதாசித் தட்டுப்பாட்டுக்கு, அச்சகத்தில் விலைப்படாமல் கிடந்த கல்யாண அழைப்பிதழ் மட்டைகளை வாங்கினார். படம் கீறத் தெரிந்தவர்களிடம் பெயர் போடாமல் படங்கள் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள்தானே இதைப் படிச்ச ஆள். வந்து நல்லதாத் தெரிஞ்செடுத்துத் தாங்கோ."

சோதனை படங்களுக்கல்ல, மாப்பிள்ளைக்குத்தான் என்று விளங்கிவிட்டது. மணிக்கூடு திருத்துபவரின் கண்ணாடியை இரவல் வாங்கி ஒரு கண்ணில் செருகிக்கொண்டு போனேன். ஒருவர் கீறியிருந்த கோணமலையைப் பலாப்பழம் என்றேன். கோட்டைக்குள் நின்ற மானைப் பார்த்து, இதற்குக் காய்ச்சல் காய்கிறது என்றேன். குசினிப் பக்கம் காப்புச் சத்தம் கேட்டது. இராசம் கேட்கட்டும் என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

அடுத்த கட்டைப் பிரித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். முழுக்க முழுக்கப் போர்க்கப்பல்கள். புகைக்கூடு, கொடிமரம், பீரங்கி, எது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது வரைக்கும் அச்சொட்டாக இருந்தன. இதுவல்லவோ சித்திரம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அதோடு எழும்பியிருக்கலாம். ஆனால் கையில் பேனை இருந்தது, நான் வாத்தியார். ஒரு கப்பலில் பீரங்கி குறைகிறது என்று நானே கீறிச் சேர்த்தேன். கரையில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளையும் மறக்காமல் கீறினேன். பிறகு பள்ளிக்கூடத்துக் கைப்பழக்கத்தில் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சரி அடையாளம் போட்டு, ஆங்கிலத்தில் 'கரெக்ட்' என்று எழுதி, என் முழுப்பெயரையும் வைத்தேன்.

அச்சுக்காரன் எல்லாவற்றையும் அப்படியே அச்சடித்துவிட்டான். நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் நிற்கிற கப்பல் ஒரு இரகசியம் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வீடு யன்னலில் தெரிகிற சாமான்தானே.

தேயிலை நன்றாக விற்றது. கடற்படை அதிகாரி ஒருவரின் குசினிக்கும் போய்ச் சேர்ந்தது. துறைமுகம் முழுவதையும் கீறி, சரிபார்த்து, கையொப்பமும் வைத்துப் பக்கற்றில் போட்டு விற்கிற ஒற்றனை அந்த மனிசன் அதற்குமுன் கண்டிருக்கமாட்டார். அடுத்த நாள் வகுப்புக்கு முன்னால் ஜீப் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே முதலாளி, வியர்த்து நனைந்தபடி.

"தம்பி," என்று காதுக்குள் சொன்னார், "அது இராசம் கீறினது."

சுடப்போகிறார்கள் என்றே நினைத்தேன். ஆனாலும் அதிகாரி மட்டைகளைப் பரப்பிவைத்து யார் கீறியது என்று கேட்டபோது, நான்தான் என்றேன். (அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.)

அவர் ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். அப்படியானால் இப்போதே ஒரு கப்பல் கீறு என்றார்.

கீறினேன். கை நடுங்கியது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் நடுங்காவிட்டாலும் என் கைக்குக் கப்பல் வராது. கடைசியில் தாளில் நின்றது சேற்றில் படுத்த எருமை. புகைக்கூடு வாலாகியிருந்தது. அதிகாரி தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, நீ கீறவில்லை, யாரையோ மறைக்கிறாய் என்றார்.

முதலாளி உடைந்துபோனார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்தான் மொழிபெயர்த்தேன். "என்ரை மகள்தான் ஐயா. உங்கட ஆக்கள் றோட்டு நிறைய நிக்கினம் எண்டு பிள்ளையை வெளிய விடுறேல்லை. மேல்வீட்டு யன்னலாலை அவள் வேறை எதைப் பாக்கிறது?"

அதிகாரி பரப்பிய மட்டைகளை ஒன்றாக அடுக்கினார். பிறகு மிச்ச மட்டைகளை எரிக்கச் சொன்னார். அந்த யன்னலுக்குத் திரை போடச் சொன்னார். கடைசியாக என் எருமையை எடுத்து, அதன் முதுகில் அனுமதி முத்திரையைக் குத்தி முதலாளியிடம் நீட்டினார். படமட்டைக்கு இதைப் போடலாம், எந்த எதிரிக்கும் இது விளங்காது என்றார்.

திரும்பி வரும்போது முதலாளி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சம்பந்தம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சித்திரம் தெரியாத சித்திர வாத்தியாருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அறையில் படுத்து, வெட்கத்தைவிட்டு அழுதேன். காவித் துணி எங்கே விற்கும் என்றும் யோசித்தேன்.

அச்சடிக்காமல் மிஞ்சிய மட்டையை முதலாளி வீணாக்குகிற ஆளில்லை. எருமையை அச்சடித்தே விட்டார். கொஞ்ச நாளில் அவர் வீட்டிலிருந்து எனக்கொரு தேயிலைப் பக்கற் வந்தது. கேலிக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று உடைத்தேன். உள்ளே என் எருமை. மூலையில் மையால் ஒரு சரி அடையாளம், 'கரெக்ட்' என்ற எழுத்து, கீழே இராசத்தின் கையெழுத்து.

கல்யாணம் முடிந்த பிறகுதான் சொன்னாள், நான் யாரை மறைத்தேன் என்று தகப்பன் வீட்டில் வந்து சொன்ன அன்றே அவள் என்னைத்தான் கட்டுவதென்று முடிவெடுத்துவிட்டாளாம். இப்போது எங்கள் வீட்டில் நான் சோற்றுக்குள் சீனியைப் போட்டாலும் சரி, சட்டையை மாறிப் போட்டாலும் சரி, பேரப்பிள்ளைகள் ஓடிவந்து என் முதுகில் விரலால் ஒரு சரி போட்டுவிட்டு, "கரெக்ட், அப்பப்பா" என்பார்கள். இராசம் அவர்களை ஒருநாளும் ஏசுவதில்லை. அவளும் வந்து கையெழுத்து வைப்பாள்.