சுருவில் சாமியும் ஒற்றைத் தோடும்

சுருவில் என்ற ஊர்ச் சாமியின் புகழை அறிய வேண்டுமானால் வேலணைத் தீவு பஸ்ஸில் ஏறி இளம்பெண்களின் காதுகளைப் பார்த்தால் போதும். ஒரு காதில் தோடு மின்னும், மற்றக் காது மூளியாக இருக்கும். தொலைத்துவிட்டார்களோ என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். மற்றத் தோடு சாமியிடம் பத்திரமாக இருக்கிறது. காதலன் தாலியோடு வருகிற அன்று அது திரும்பி வருமாம். இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதனால் என்ன? ஒற்றைத் தோடு இப்போது தீவில் நாகரிகமாகிவிட்டது.

சாமி பேய் ஓட்டுவதில்லை, புதையலும் எடுப்பதில்லை. காலத்துக்கேற்ற சாமி அவர். போனில் பேச்சை நிறுத்திக்கொண்ட வாலிபனை மறுபடி பேச வைப்பார். முன்பு வவுனியாவில் போன் திருத்தும் கடை வைத்திருந்த சிவபாதம்தான் அவர். ஒருநாள் அம்மன் கனவில் வந்து கடையைப் பூட்டச் சொன்னாளாம். கடைக்கு ஆட்கள் வராமல் போனது கனவுக்கு முன்னா பின்னா என்று கேட்கிற பழக்கம் பக்தர்களுக்கு இல்லை.

பூசை சுலபம். போனையும் ஒரு தோட்டையும் புதுப் பானைக்குள் வைக்க வேண்டும். காதலனின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மஞ்சள் துணியால் வாயைக் கட்டிய பானையைச் சிஷ்யை யோகம்மா திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். பத்து நிமிடம் மந்திரம். பானை திரும்பி வந்து அரை மணிக்குள் போன் அடிக்கும். மறுமுனையில் காதலன்! ஒரே ஒரு நிபந்தனைதான். போனின் பூட்டு திறந்திருக்க வேண்டும்.

"பூட்டின போனுக்குள்ளை அம்மாள் எப்பிடிப் பிள்ளை போறது?" என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இந்தக் கூட்டத்தில் சேரத்தான் கோசலா துடித்துக்கொண்டிருந்தாள். வேலணையில் ஒரு பல் வைத்தியரிடம் நோயாளிகளுக்கு எண் துண்டு கொடுக்கும் வேலை அவளுக்கு. அங்கே கூரையில் சோலர் தகடு பூட்ட வந்தான் புங்குடுதீவுச் சுலக்சன். வேலை முடிந்த பிறகும் மூன்று தரம் ஏணியோடு வந்து நின்றான். நாலாம் தரம் ஏணி இல்லாமல் வந்து, நயினாதீவுக் கோயிலுக்குப் போவோமா என்று கேட்டான். தீவில் இரண்டு பேர் சேர்ந்து வெளியே போவதென்றால் ஒரு கோயில் துணைக்கு வேண்டும் அல்லவா?

அந்த நாளை நினைத்தால் இப்போதும் கோசலாவுக்குக் கால் நிலத்தில் நிற்காது. குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறியபோது உயிர்காப்பு அங்கியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றான். கச்சான் கடலையை உடைத்து உடைத்து அவளுக்குக் கொடுத்தான். கோதைக் கடலில் எறியாமல் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்தச் சட்டைப் பையில்தான் அவள் விழுந்தாள். பேச்சு சுவாரசியத்தில் திரும்பும் வள்ளம் இரண்டைத் தவறவிட்டார்கள்.

"இப்பிடி ஒருநாள் எனக்கு முந்தி வந்ததே இல்லைக் கோசலா," என்றான்.

மாலையில் "வீட்டை சேர்ந்திட்டீரோ?" என்று கேட்டு எழுதினான். மறுநாள் இரண்டு வரி. மூன்றாம் நாளிலிருந்து வெறும் பெருவிரல் படம்.

"சாப்பிட்டீரோ?" என்று எழுதினாள். பெருவிரல்.

"காய்ச்சலோ?" பெருவிரல்.

"என்னிலை கோவமோ?" அதற்கும் பெருவிரல்!

கோபம் என்று பெருவிரலா, கோபமில்லை என்று பெருவிரலா? அவள் வாட்ஸ்அப்பில் ஸ்ரேற்றஸ் போட்டால் முதல் ஆளாக வந்து பார்ப்பவனும் அவன்தான். பார்க்க ஓடி வருகிறவன் பேச வரமாட்டேன் என்கிறான். பன்னிரண்டு நாளாகக் கோசலா கரைந்துகொண்டிருந்தாள். பல்வலிக்கு வந்தவரிடம் "பெருவிரல் காட்டினால் என்ன அர்த்தம் ஐயா?" என்று கேட்டே விட்டாள்.

அவளே அழைத்துக் கேட்கலாமே என்பீர்கள். எழுதலாம், அழைக்கக் கூடாது. பெண்பிள்ளை தானாகப் போன் எடுத்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்பது தீவின் சட்டம். எழுதியவர் யாரென்று தெரியாது, எல்லோருக்கும் மனப்பாடம்.

"நாளைக்குச் சாமியிட்டைப் போறன்," என்றாள் கோசலா. முதல் சம்பளத்தில் வாங்கிய தோட்டை ஏற்கெனவே தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அவளோடு வேலை செய்யும் அல்லைப்பிட்டி அன்ரனிட்டா சிரித்தாள். "எடியே, சாமி பானையோடை என்ன செய்யிறார் எண்டு ஆராவது பாத்தவையோ?"

"பாத்தால் பலிக்காதாம். உனக்கு நம்பிக்கை இல்லையெண்டால் விடு. பிரியவதனிக்கும் போன் வந்தது, கேதீஸ்வரிக்கும் வந்தது. எனக்கு அவன் வேணுமடி."

"சரி, போவம். ஒரு சின்னச் சோதனை. உன்ரை போனிலை சுலக்சன்ரை நம்பரை அழிச்சுப்போட்டு, அந்தப் பேருக்குக் கீழை என்ரை நம்பரைப் போடுறன்."

"ஐயோ, பிறகு அவன் எப்பிடி எடுப்பான்?"

"அவனட்டை உன்ரை நம்பர் இருக்குத்தானே? அம்மாள் அவன்ரை மனசிலை பூந்து எடுக்கப் பண்ணுறா எண்டால், உன்ரை போனிலை ஆரின்ரை நம்பர் இருந்தால் என்ன?"

கோசலா யோசித்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை. சுருவிலில் ஓலைக்கொட்டில் நிறையச் சனம். கோசலாவின் போனும் தோடும் பானைக்குள் போயின. யோகம்மா பானையைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் மறைந்தார். சாமி கண்ணை மூடி உடுக்கை அடித்தார்.

கொக்கரக்கோ!

சேவல் அல்ல. அன்ரனிட்டாவின் போன். போன் முகப்பிலே "கோசலா" என்று மின்னியது. கோசலாவோ வெறுங்கையோடு சாமிக்கு முன்னால் நிற்கிறாள்!

ஒரு மணியோடு வெட்டிவிடுவதுதான் யோகம்மாவின் வழக்கம். அன்ரனிட்டா விடுவாளா? விரலைத் தயாராக வைத்திருந்தவள், உடனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். திரைக்குப் பின்னால் ஒரு தரமும் போனுக்குள் ஒரு தரமுமாக யோகம்மாவின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ! மிஸ்கோல் விட முன்னம் பெடியன் எடுத்திட்டானப்பா!"

உடுக்கு நின்றது. சாமி கட்டைப் பிரமச்சாரி என்று சத்தியம் செய்திருந்த மூத்த பக்தர் சரவணமுத்தருக்கு, பெண்சாதி புருசனைக் கூப்பிடும் அந்த "இஞ்சாருங்கோ"தான் பெரிய அதிர்ச்சி.

"இதுவும் அம்மாளின்ரை திருவிளையாட்டு!" என்று சாமி கையைத் தூக்கினார்.

"அப்ப அம்மாளின்ரை முகத்தையும் பாப்பம்," என்று அன்ரனிட்டா திரையை இழுத்தாள்.

கோசலாவின் போனைப் பிடித்தபடி யோகம்மா. பக்கத்தில் பிஸ்கற் தகரப் பெட்டி நிறைய ஒற்றைத் தோடுகள். பெண்கள் பாய்ந்தார்கள். கோசலாவும்தான் பாய்ந்தாள். தோட்டை எடுக்கக் குனிந்தவளின் கண்ணில் பட்டது ஒரு கட்டுக் கடதாசி. எல்லாம் ஆண்பிள்ளைகளின் சாதகங்கள். மேலேயே சுலக்சனின் பெயர். கீழே சாமியின் கையெழுத்தில்: "இருபத்தொரு நாள் பேசா விரதம். பெருவிரல் மட்டும். அவளாக அழைப்பு எடுத்தால் தோசம் நீங்கிற்று, உடனே திருப்பி எடுக்கவும். வெளியே சொன்னால் பலிக்காது."

அட பாவி! பொருத்தம் பார்க்க வந்த ஆண்களின் வாயைக் கட்டிவிட்டு, வாய் கட்டியவனைத் தேடி வந்த பெண்களிடம் தோடு வாங்கியிருக்கிறார். நோயும் அவரே, வைத்தியமும் அவரே.

சாமி பின்வேலியால் ஓடினார். நாலைந்து பேர் துரத்தினார்கள். சரவணமுத்தர் மட்டும் நின்ற இடத்தில் நின்று, "அப்ப இனி நாங்கள் ஆரட்டைப் போறது?" என்று கவலைப்பட்டார்.

கோசலாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தோசம் வந்து நெஞ்சை முட்டியது. அவன் வெறுக்கவில்லை! வெறும் மடையன்தான்! அவளும் அதே அளவு மடைச்சிதான். போனை வாங்கி, சாதகத்தில் இருந்த அவன் நம்பரை, அவ்வளவு சனத்துக்கும் முன்னால், தானாகவே அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"கோசலா! நீராவே எடுத்திட்டீர்! சாமி சொன்னது அப்பிடியே பலிச்சிட்டுது!"

"சாமி வேலிக்குள்ளாலை ஓடிக்கொண்டிருக்கிறார். நான் என்ரை விரலாலை அமத்தி எடுத்தனான். என்னட்டைக் கேக்க வேண்டியதை ஏன் அந்தாளட்டைக் கேட்டனீர்?"

இது எழுத்தல்ல, அழைப்பு. பெருவிரல் காட்ட அவனுக்கு வழியில்லை.

"பயந்திட்டன் கோசலா. அந்த நாள் அவ்வளவு நல்லாயிருந்தது. பிழைச்சுப்போடுமோ எண்டுதான்…"

"நானும் பயந்துதான் இஞ்சை வந்தனான். ஞாயிற்றுக்கிழமை குறிகட்டுவானுக்கு வாரும். சாதகத்தை வீட்டிலை வைச்சிட்டு, மூளையைக் கொண்டு வாரும்."