வெளிக்கிடும் நேரம்

கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், ஒரு தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, இருபதே நிமிடத்தில் வெளியே வந்த தமிழர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரும் தனியாக வரவில்லை. எங்கள் குடும்பத்தையே இழுத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளவத்தையில் அவரை டைம்கீப்பர் என்றால்தான் தெரியும். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. பஸ் நிலையத்தில் ஒரு தகரக் கூண்டுக்குள் இருந்து, பஸ் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் முப்பது வருடம் எழுதியவர். பென்சன் எடுத்தபின் எழுதுவதற்கு பஸ் இல்லாமல் போனதால் மற்றதையெல்லாம் எழுதத் தொடங்கினார். எதிர்வீட்டுப் பூனை மதிலால் குதிக்கிற நேரம்கூட அவருடைய குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. ஒருநாள் அது நாலு நிமிடம் பிந்தி வந்தபோது மாமா வாசலில் நின்று பார்த்த பார்வையில், அடுத்த நாளிலிருந்து அது வேறு மதில் பார்த்துக்கொண்டது.

போன வருடம் ஆவணி விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேர் வவுனியாவிலிருந்து அவர் வீட்டில் வந்து இறங்கினோம். அம்மா, அப்பா, நான். அம்மா பார்க்க வேண்டிய வீடுகள் பதினொன்று. அப்பாவுக்கு ஒரே ஒரு வீடு.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா இளவயதில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் அந்தோனி என்ற சிநேகிதரோடு இருந்தார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அம்மா ஊரில் பக்கத்து வீட்டு அக்காவைக்கொண்டு எழுதுவித்த கடிதங்களை அந்தோனி மாமாதான் வாசித்துக் காட்டுவார். பதிலையும் அவரே எழுதுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அப்பா சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: “உன்னை ஒருக்கா அந்தோனியிட்டக் காட்டோணும்.” அந்தோனி மாமாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று கேள்விப்பட்டபின் அதை நாளுக்கு இரண்டு தரம் சொன்னார்.

ஆனால் டைம்கீப்பர் மாமாவிடம் அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான்: “கொட்டாஞ்சேனையிலையும் ஒரு ஆள் இருக்கு. நேரம் இருந்தால் பாப்பம்.”

நாங்கள் வந்து இறங்கிய புதன்கிழமை காலையில் வாடகை வான் வண்டியும் பட்டியலும் தயாராக இருந்தன. நீளக் கடதாசியில் சிவப்புக் கோடு போட்டு நாலு நிரல்கள். இடம், வரும் நேரம், வெளிக்கிடும் நேரம், குறிப்பு. தன்னுடைய வீட்டுக்கு ‘டிப்போ’ என்று எழுதியிருந்தார். பொரளைக்கு நேரே ‘முழங்கால் ஒப்பரேஷன் கதை, 9 நிமிடம்.’ நுகேகொடைக்கு நேரே ‘கலியாண வீடியோ உண்டு, கவனம்.’ இதைப் படம் பிடித்து, சொந்தக்காரர் எல்லாருடைய போனுக்கும் முதல்நாளே அனுப்பியும் விட்டார்.

கடைசி வரி: சனிக்கிழமை, கொட்டாஞ்சேனை, வருவது 2.40, வெளிக்கிடுவது 3.00. அதற்குக் கீழே, 3.45 ரயில்.

அப்பா அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “இருவது நிமிசம் காணும்தானே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எழுத்தில் இருந்தால் அது உண்மை, அதை மாற்ற முடியாது என்று நம்பி வளர்ந்தவன் நான்.

ரயில் டிக்கெட்டையாவது ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். மாமா சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, “டைம்கீப்பரிட்ட டிக்கெட் கேட்ட ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்,” என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

எங்கள் சனங்கள் ஒரு வீட்டைவிட்டு வெளிக்கிடுவது ஒரே தரத்தில் நடக்கிற காரியம் இல்லை என்பது மாமாவின் ஆராய்ச்சி. கதிரையிலிருந்து எழும்பி ஒரு ‘போட்டு வாறம்.’ வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்று. கேற்றடியில், அதுவரை மறந்திருந்த முக்கியமான கதையெல்லாம் ஞாபகம் வந்து, மூன்றாவது. வானுக்குள் ஏறியபின் யன்னலால் நாலாவது. மாடிவீடு என்றால் லிப்ட் கதவைக் காலால் தடுத்துவைத்துக்கொண்டு ஐந்தாவதும் உண்டு. மொத்தம் பதினேழு நிமிடம் என்று மாமா கொப்பியில் கணக்குப் போட்டிருந்தார். எங்களுக்கு அவர் அனுமதித்தது ஒரே ஒரு ‘போட்டு வாறம்.’ அதற்கு மேல் போனால் விசில்.

விசில் என்றால் உண்மையான விசில். பஸ் நிலையத்தில் ஊதிய அதே விசில், கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கியது. பொரளையில் அம்மாவின் பெரியத்தான் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டித் தழும்பைக் காட்டத் தொடங்கியபோது முதலாவது விசில் போனது. “மற்றக் காலை வாற வரியம் பாப்பம் அத்தான்,” என்று மாமா எழும்பிவிட்டார். நுகேகொடையில் கலியாண வீடியோவில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் மாமா ரீவிக்கு முன்னால் போய் நின்று, “கட்டிப்போட்டார், பிள்ளையும் பிறந்திட்டுது, வெளிக்கிடுங்கோ,” என்றார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று அழுதவர்களிடம் இடியப்பத்தைப் பார்சல் கட்டச் சொன்னார். மூன்றாம் நாள் எங்கள் வானுக்குள் நாலு வீட்டுச் சம்பல் மணத்தது. சாரதி சிங்களப் பெடியன். விசில் கேட்டதும் அவனே, “யமு யமு, அம்மே,” என்று தன் பாஷையில் ‘போவம் போவம்’ சொல்லி அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிடப் பழகிவிட்டான்.

சனிக்கிழமைதான் எல்லாம் குழம்பியது. எங்கள் சனத்துக்கு வானைவிடச் செய்தி வேகம். பட்டியலில் இல்லாத களனி மாமியிடமிருந்து காலையில் அம்மாவுக்குப் போன் வந்தது. “பதினொரு வீட்டுக்குப் போறியளாம். நான் கண்ணை மூடினாப்பிறகு வருவமெண்டு இருக்கிறியளோ?” அம்மா அழுதுவிட்டா. மாமா என்னிடமிருந்து பட்டியலை வாங்கி, அழிறப்பரை எடுத்து, கொட்டாஞ்சேனைக்கு 2.40 என்றிருந்ததை அழித்து 2.50 ஆக்கினார். இருபது நிமிடம் பத்து ஆனது. அப்பாவுக்கு இலக்கம் மட்டும் தெரியும். அழித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். களனி மாமி வீட்டில் இருந்த நேரம் முழுக்க அவர் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோனி மாமாவின் வீடு தேவாலயத்துக்குப் பின்பக்கம், ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில். வாசல் கதிரையில் இருந்தார். அப்பா முன்னால் போய் நின்றதும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“குரலைக் காட்டு மச்சான். உருவம் மட்டுந்தான் தெரியிது.”

“நான்தான்ரா. இவன் என்ரை மகன். எல்லாம் வாசிப்பான். இங்கிலீசும் வாசிப்பான்.”

“அப்படியா? வாசிங்க தம்பி, கேப்போம்.”

வாசிக்க அங்கே ஒன்றும் கையில் அகப்படவில்லை. அப்பா என் சட்டைப் பையிலிருந்து பட்டியலை இழுத்தெடுத்து நீட்டினார். நான் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் புதன்கிழமையிலிருந்து தொடங்கினேன். பொரளை, முழங்கால், நுகேகொடை, வீடியோ. அந்தோனி மாமா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை எனக்கு வேலை கிடைத்த அன்றும் நான் காணவில்லை. கடைசி வரி வந்தது. அதை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். எழுதியிருப்பதை விட்டுவிட்டு வாசிக்க எனக்குத் தெரியாது.

“கொட்டாஞ்சேனை. வருவது இரண்டு ஐம்பது. வெளிக்கிடுவது மூன்று மணி.”

சுவர் மணிக்கூட்டில் மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அந்தோனி மாமா சிரிப்பை நிறுத்தினார்.

“பத்து நிமிசமா மச்சான்?”

அப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டைம்கீப்பர் மாமாவைப் பார்த்தேன். அவர் கை கழுத்துக்குப் போனது. விசிலைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டார். பிறகு பைக்குள் கைவிட்டு ரயில் டிக்கெட்டுகளை எடுத்தார்.

“மருமோன், இதையும் வாசியும்.”

வாசித்தேன். திகதியைத் திரும்பவும் பார்த்தேன். “மாமா, இது நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை.”

“ஓம்.”

“அப்ப பட்டியல்ல சனி எண்டு போட்டிருக்கு?” என்றா அம்மா.

“பட்டியல் சொந்தக்காரருக்கு, அக்கா. டிக்கெட் அத்தானுக்கு.” மாமா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. “ஞாயிறு எண்டு எழுதியிருந்தால் சனி பின்னேரத்தையும் சனம் பிடிச்சிருக்கும். உங்களிட்டச் சொன்னால் வானொலியில சொன்ன மாதிரி. முப்பது வரியத்தில நான் ஒரு நேரத்தைப் பிழையா எழுதினதில்லை, பாருங்கோ.” அவர் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. “நேரம் இருந்தால் எண்டு அத்தான் போனில சொன்னவர். அப்பிடிச் சொல்லுற ஆள் எந்த பஸ் ஹோல்ட்டில இறங்கப் போறார் எண்டு எனக்குத் தெரியாதோ?”

அன்று பின்னேரம் முழுக்க அப்பா என்னை வாசிக்க வைத்தார். பேப்பர், மருந்துப் போத்தல், தேவாலயத்து அறிவித்தல், கலண்டரின் பின்பக்கம். இடையில் அம்மா ஒரு சந்தேகம் கேட்டா. ‘உன்னை நினையாமல் ஒரு மூட்டையும் தூக்குவதில்லை’ என்று அந்தக் காலத்தில் ஒரு கடிதத்தில் இருந்ததாம். அதைச் சொன்னது யார்?

அப்பா அந்தோனி மாமாவைப் பார்த்தார். அந்தோனி மாமா கூரையைப் பார்த்தார்.

“அவன் சுகம் எண்டு மட்டுந்தான் சொன்னான் தங்கச்சி. கடதாசியில நிறைய இடம் மிச்சம் கெடந்திச்சு.”

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. மணி அடித்துப் பூசைக்குச் சனம் போகத் தொடங்கியபோதும் எங்களில் ஒருவரும் எழும்பவில்லை. டைம்கீப்பர் மாமா மட்டும் வாசற்படியில் இருந்து, ஒழுங்கை முடிவில் பெரிய தெருவால் போகிற பஸ்களின் நேரத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க அவருக்கு வராது.

இந்த வருடப் பட்டியல் போன கிழமை என் போனுக்கு வந்தது. கொட்டாஞ்சேனை இம்முறை முதல் வரியில். வருவது புதன் காலை 10.05. வெளிக்கிடும் நேரத்துக்குரிய கட்டத்தில் ஒன்றுமில்லை. மறந்துவிட்டாராக்கும் என்று போன் எடுத்துக் கேட்டேன். “டைம்கீப்பர் மறக்கிறதில்லை மருமோன்,” என்றுவிட்டு, ஒரே ஒரு ‘வைக்கிறன்’ உடன் வைத்துவிட்டார்.

அப்பா அந்த வெறும் கட்டத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.