கில்பட் என்றொரு அடகு

"அப்பா, ஒங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

மகள் சரோன் கேட்டதும் கில்பட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் பிள்ளைகள் தத்தம் அப்பா பெயரின் அர்த்தத்தைச் சொல்ல வேண்டுமாம்.

"ராசான்னு அர்த்தம்," என்றான். றக்வானத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுபவன் வேறென்ன சொல்வான்?

பக்கத்து வீட்டு மருதாயி சிரித்தாள். "ராசா, அப்படியே எங்க கோழிக்கூட்டுக் கதவக் கட்டிட்டுப் போ."

எந்நாளும் இப்படித்தான். விறகு பிள, தண்ணி கொண்டா. என்ன உரிமையில் ஏவுகிறாள் என்று அவனுக்கு விளங்கியதே இல்லை.

அத்தாட்சி தேடி ஜவ்பர் கடைக்குப் போனான். ஜவ்பர் போனைத் தட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"பழங்காலத்து ஜெர்மன் பேரு. மொதல்ல கிஸில்பெர்ட். இத்தாலியில ஜில்பெர்த்தோ. பெர்ட்னா பிரகாசம்."

"பாத்தீங்களா!"

"கிஸில்னா அடகு."

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூவினார்கள். "அடகண்ணே, லொறிய எடுங்க, வட்டி ஏறுது!"

"இனிமே என்னைய ஜில்பெர்த்தோன்னு கூப்புடுங்க," என்று அறிவித்தான். அந்திக்குள் 'இத்தாலி அடகு' ஆகிவிட்டான். மனைவி ரோசம்மாகூட, "மூழ்கிப் போறதுக்குள்ள யாராச்சும் ஒங்கள மீட்டா சரி," என்றாள்.

சனிக்கிழமை சரோன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நாளைக்கு நான் கோயிலுக்கு வரல."

அதுதான் சுருக்கென்று தைத்தது. அந்நேரம் பார்த்து மருதாயியின் குரல். "கில்பட்டு, கூட்டுக் கதவு!"

"நான் என்ன நீங்க வெலைக்கி வாங்குன ஆளா, பெரியம்மா?" என்று கத்தினான்.

"ஆமா," என்றாள் அவள் நிதானமாக. "ஒனக்கு முன்ன மூணு புள்ளைங்க தங்கல. நீயாச்சும் நெலைக்கணும்னு, ஒரு கொத்து அளவு தவிட்ட வாங்கிக்கிட்டு ஒங்கம்மா ஒன்ன எங்கிட்ட குடுத்தா. பொறவு தவிட்டத் திருப்பிக் குடுத்து மீட்டுக்கணும். சங்கதி தெரிஞ்ச வெள்ளக்கார சாமியாரு சிரிச்சிக்கிட்டே இந்தப் பேர வச்சாரு. தவிடுதான் இன்னும் வரல!"

சரோன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் தேவாலயத்தில் அவள் குரல் கணீரென்று ஒலித்தது. "எங்கப்பா பேருக்கு, பத்திரமா இருந்த அடகுன்னு அர்த்தம்."

அன்று மத்தியானம் மருதாயி பீலித் தண்ணியில் குளிக்கப் போயிருந்தாள். கில்பட் ஒரு கொத்துத் தவிட்டை வழிய வழிய அளந்து கோழிக்கூட்டில் கொட்டினான். கோழிகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

கடன் தீர்ந்தது. திரும்பி நாலடி நடந்தவன், மறுபடி வந்து, யாரும் சொல்லாமலே கூட்டுக் கதவைக் கட்டினான்.