வளருகிற பிள்ளைக்கு ஒரு துவக்கு

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் சரியான அளவில் வாங்கப்பட்டதில்லை. சப்பாத்து என்றால் நுனியில் பஞ்சு அடைக்க வேண்டும். குளிர் மேலங்கி என்றால் கைகளை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும். "வளருற பிள்ளை" என்பார் அப்பா. என் முதல் துவக்கையும், அதாவது வேட்டைத் துப்பாக்கியையும், அப்படித்தான் வாங்கினார்.

ஈரோ புழக்கத்துக்கு வந்து சில வருடங்களான நேரம். பத்தொன்பது வயதுப் பெண்ணான நான் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் காட்டுத்துறையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வேட்டை உரிமமும் எடுத்தாயிற்று. (ஐந்தடி உயரம், ஐம்பதடி நினைப்பு.) சொந்தத் துவக்குக்கு அம்மாவிடம் சம்மதம் வாங்குவதுதான் பரீட்சையைவிடக் கடினமாக இருந்தது.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ அதைக் கடையில போய் வாங்கப் போறியோ?" என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "பிள்ளையின்ர உடம்பில ஒரு காயம் கண்டனெண்டால், அண்டைக்கே திருப்பிக் குடுக்கவேணும்."

அப்பா சத்தியம் செய்தார்.

கடைக்குள் நுழைந்தால், சுவர் முழுவதும் துவக்குகள். எண்ணெயும் மரமும் கலந்த வாசனை. மூலஸ்தானத்தின் முன் நிற்பதுபோல் கை தானாகக் குவியப் பார்த்தது. கடைக்காரர் ஓர் இரட்டைக் குழல் துவக்கைக் கையில் தந்தார். அதன் இரும்பில் இரண்டு காட்டுத் தாராக்கள் செதுக்கப்பட்டிருந்தன, இறகு இறகாக. மரத்தில் தேன் நிற வரிகள் ஓடின. கொல்வதற்கென்று செய்த பொருளை மனிதர் இத்தனை அழகாகச் செய்திருக்கிறார்களே என்று வியப்பும், கூடவே ஒரு பயமும் வந்தது.

பிடங்கு, அதாவது தோளில் வைக்கும் மரக்கட்டை, எனக்கு நீளம் என்றார் கடைக்காரர். வெட்டித் தரலாமாம்.

"நல்ல மரத்தை வெட்டுறதோ?" அப்பா தமிழில் பதறினார். "வளருற பிள்ளை!"

நான் கடைசியாக வளர்ந்தது பதினாலு வயதில். அதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக் கண்ணாடியில் துவக்கோடு தெரிந்த என்னைப் பார்த்து நானே சொக்கிப்போயிருந்தேன். (படைத்தளபதி என்று நினைப்பு. பார்ப்பவர்களுக்குப் பயற்றங்கொடிக்குத் தடி நட்ட மாதிரி இருந்திருக்கும்.) வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "கொஞ்சம் நீளமாத்தான் வாங்கியிருக்கிறன்" என்று பெருமையடித்தார்.

அடுத்த சனிக்கிழமை சுடும் திடலில் களிமண் தட்டுகளை வானில் எறிந்தார்கள். நீளப் பிடங்கு தோளில் அமரவில்லை. புயத்தில்தான் முட்டி நின்றது. ஒவ்வொரு வெடிக்கும் மாடு மாதிரி உதைத்தது. தட்டுகளுக்கு ஒரு சேதமும் இல்லை. என் புயம்தான் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

மறுநாள் பக்கத்து நகரமான எசனில் மச்சாளின் கல்யாணம். காயத்தின்மேல் பவுடரை அப்பி, முந்தானையால் போர்த்திக்கொண்டு போனேன். பூத்தட்டைத் தூக்கியபோது முந்தானை சரிந்தது.

"ஐயோ! ஆரடி உனக்கு அடிச்சது?" என்று அலறினார் அப்பாவின் தங்கை, என் மாமி. நாதஸ்வரம் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. மண்டபமே திரும்பியது. அம்மாவும் திரும்பினார்.

துவக்கு போச்சு என்று நினைத்த நேரம், அப்பா எழுந்தார்.

"நான்தான் அடிச்சனான்."

கடிக்கிற நுளம்புக்குக்கூட யன்னலைத் திறந்து வழிவிடுகிற மனிதர் அவர். குரல் நடுங்கியது. மகளின் துவக்கைக் காப்பாற்ற, தன் நல்ல பெயரை அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் கழற்றி வைத்துவிட்டு நின்றார். அவ்வளவு பெரிய மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கிட்டப் போய், "இஞ்சேருங்கோ, உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, அளவு பாத்து வாங்கவும் தெரியாது" என்றார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "நாளைக்கே கொண்டு போங்கோ."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொண்டுபோய் அந்தக் கட்டையை வெட்டுவியுங்கோ."

வெட்டியாயிற்று. துவக்கு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு விளக்கியும் மாமி உண்மையை நம்பவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "அண்ணை, இப்ப கோவம் குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்பார்.

"ஓம் தங்கச்சி" என்பார் அப்பா, தலையைக் குனிந்தபடி. "டொக்டர் குளிசை தந்திருக்கிறார்."