கெட்டில் பள்ளத்துக் கரடி

உயிரே போனாலும் இந்த வருஷம் என் பெண்டாட்டிகிட்ட அந்த இடத்தைச் சொல்றதில்லைன்னு, ஏப்ரல் கடைசி ஞாயித்துக்கிழமை பல் தேய்ச்சுக்கிட்டே கண்ணாடி முன்னாடி சத்தியம் பண்ணேன். வாய் நிறைய நுரை. சத்தியம் அப்பவே கொஞ்சம் வழுக்கிருச்சு போல.

இடம்னா காளான் இடம். மோரல் காளான். தேன்கூட்டைத் தொப்பியா மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். லைலாக் பூக்கிற சமயத்துல ரெண்டே வாரம்தான் முளைக்கும். அதுவும் பட்டுப்போன எல்ம் மரத்தடியில, அதுக்கா இஷ்டம் இருந்தா. வெண்ணெயில பொரிச்சு ஒரு வாய் போட்டா, ஜென்ம விரோதியைக்கூடக் கூப்பிட்டுப் பாதி குடுக்கலாம்னு தோணும். ஆனா குடுக்கமாட்டோம்.

எங்க டெட்மர் கவுண்டி, அமெரிக்காவுல ஒரு சின்ன மாவட்டம். இங்க எவன்கிட்ட டிரக் சாவி கேட்டாலும் குடுப்பான், டிராக்டரே கேட்டாலும் குடுப்பான், காளான் இடத்தை மட்டும் குடுக்கமாட்டான். கட்டின பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லக்கூடாது. அதுதான் வழக்கம். பன்னி வளர்த்த ஒருத்தர் சாகப்போறப்ப பாதிரியார்கிட்ட அறுபது வருஷப் பாவத்தையும் ஒண்ணு விடாம ஒப்பிச்சாராம். "காளான் எங்கய்யா பறிச்ச?"ன்னு பாதிரியார் கேட்டதும் பட்டுன்னு கண்ணை மூடிட்டாராம்.

நான், ரூடி வாண்டர்ஹோஃப், காலேஜை மூணாவது செமஸ்டர்ல விட்டவன். அப்புறம் ஆறு வேலையை விட்டவன். கடைசியா விட்டது மாட்டுத்தீவனக் கடை. மாடே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச்சு. விடாம பிடிச்சுக்கிட்டிருக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு டெஸ்ஸா. ரெண்டாவது அந்த இடம்.

அந்த இடத்தாலதான் கவுண்டி காளான் திருவிழாவுல, ஒத்தைக் காளான் எடைப்போட்டியில, மூணு வருஷமா நான் சாம்பியன். கோப்பைன்னா ரம்பத்தால செதுக்கின மூணடி மரக்காளான். ஜெயிச்சவன் ஒரு வருஷம் வீட்ல வச்சுக்கலாம். 'இவன் எதுக்கும் லாயக்கில்லை'ன்னு சொன்ன என் கணக்கு வாத்தியார் வருஷா வருஷம் முன்வரிசையில உக்காந்து எனக்குக் கைதட்டுவார். அந்தக் கைதட்டுக்காகப் பாம்புப் புத்துல பாய் போட்டுப் படுக்கச் சொன்னாலும் படுப்பேன்.

திங்கக்கிழமை போய்ப் பார்த்தேன். அங்க ஒண்ணு, என் முழங்கை நீளத்துக்கு, ஜம்முன்னு நிக்குது. சனிக்கிழமை திருவிழா. இன்னும் அஞ்சு நாள் வளரட்டும்னு காய்ஞ்ச இலையை மேல போட்டு, தூங்குற குழந்தைக்குப் போர்த்தின மாதிரி போர்த்திட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில டெஸ்ஸா சாப்பாட்டு மேஜையில மேப்பை விரிச்சா.

டெஸ்ஸா எங்க கவுண்டி பார்க் ஆபீஸ்ல வேலை பார்க்கிறா. அங்க மொத்த ஊழியர் ரெண்டு. ஒண்ணு இவ, இன்னொண்ணு புல் வெட்டுற மெஷின்.

"ரூடி, கொஞ்சம் வா. புதுசா ஒரு நடைபாதை போடணும். எங்க போடலாம்னு ஊர்க்காரங்க அபிப்பிராயம் கேட்கணும்."

"நான் ஊர்க்காரனா? சரி, கேளு."

சிவப்புப் பென்சிலைக் கையில எடுத்தா. "கூரை போட்ட மரப்பாலம் பக்கம்?"

"அட, அங்க போடு! உள்ள நுழைஞ்சா வெயில் பலகை இடுக்குல கோடு கோடா விழும். புறா அப்படிப் பேசும். அங்கதானே உனக்கு மோதிரம் போட்டேன்!"

"போடலை. கீழ போட்ட. ஆத்துல விழுந்துச்சு."

"குதிச்சு எடுத்தேன்ல?"

"எடுத்தது சோடா பாட்டில் மூடி. அதைத்தான் ஒரு மாசம் போட்டிருந்தேன்." ஏதோ எழுதிக்கிட்டா. "அருவி?"

"எட்டடி அருவிதான். ஆனா பெரிய அருவியெல்லாம் கத்தும் டெஸ். நம்ம அருவி பேசும். நாம பேசினாலும் காது குடுத்துக் கேட்கும்."

"பைசன் மேயுற இடம்?"

"அந்த ஏழு காட்டெருமையும் ராஜா மாதிரி நிக்கும். என்னைக் காலேஜை விட்டு அனுப்பின டீன் பார்த்த மாதிரியே பார்க்கும். ஆனா அதுங்க பார்வையில கொஞ்சம் அன்பு இருக்கும்."

"சைலோ கோபுரம்?"

"தானியம் கொட்டி வச்ச பழைய கோபுரம், தொண்ணூத்திரெண்டு படி. ஏறினா மூச்சு போகும். மேல நின்னு சாயங்காலம் சோளக்காட்டைப் பார்த்தா போன மூச்சு திரும்பி வரும். நாலு சர்ச் கோபுரமும் ஒரே நேரத்துல பொன்னாகும். உலகத்துல எதுக்கு ஏரோப்ளேன் கண்டுபிடிச்சாங்கன்னு எனக்குப் புரியலை."

பென்சில் வேகமா ஓடுச்சு. எனக்கே என் பேச்சு பிடிச்சுப்போச்சு. தீவனக் கடையில இப்படிப் பேசியிருந்தா மாடு க்யூவுல நின்னிருக்கும்.

அப்பதான் பென்சில் முனை வடக்க நகர்ந்துச்சு. நீர்நாய் ஓடையைத் தாண்டுச்சு. நின்னுச்சு.

"கெட்டில் பள்ளம்?"

காபி மூக்கு வழியா வந்துச்சு.

"அங்கயா? சேச்சே!"

"ஏன்?"

"பாம்பு."

"பாம்பு ஆத்தங்கரையிலயும்தான் இருக்கு."

"இது வேற பாம்பு. கடிச்சுட்டுப் பின்னாலயே வரும்."

"ம்ம்." எழுதினா. "பள்ளத்துக்குக் கிழக்கால போட்டா?"

"கிழக்காலயா? தாராளமா போடு. அருமையான இடம்."

"மேற்கால?"

"ஐயோ, மேற்கால விஷச்செடி! பார்த்தாலே அரிக்கும். இதோ, பேசினதுக்கே அரிக்குது பாரு." சொறிஞ்சு காட்டினேன்.

"மேற்கால, மேட்டு மேல?"

"மேடு பரவாயில்லை."

"மேட்டுக்குக் கீழ, அந்தப் பட்டுப்போன மரமெல்லாம் இருக்கே, அங்க?"

"டெஸ், அங்க கரடி இருக்கு!"

நிமிர்ந்து பார்த்தா. "நம்ம கவுண்டியில கரடியா?"

"பக்கத்து மாநிலம், விஸ்கான்சின்லேர்ந்து வந்திருக்கு. சுத்திப் பார்க்க. பார்க் ஆபீஸ்ல இருக்க, இதுகூடத் தெரியாதா?"

"எந்த மரத்துப் பக்கம் பார்த்த? இந்த மூணு மரமா, இல்ல ஓடை திரும்புற இடத்துல இருக்கிற ஒத்தை மரமா?"

"ஒத்தை மரம்! அதுக்குப் பக்கத்துல எறும்புகூடப் போகாது!"

"பாவம் எறும்பு." வட்டம் போட்டா. அழகா, சின்னதா, ஒத்தை வட்டம். "சரி ரூடி. அந்தப் பக்கம் பாதை வேண்டாம். ரொம்ப உதவி பண்ணின."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வெளிய போனேன். குறுக்கும் நெடுக்குமா எத்தனை கேள்வி கேட்டா! ஒரு வார்த்தை உளறினேனா? இப்படி ஒரு கல் மனசுக்காரனை அரசாங்கம் உளவு வேலைக்கு எடுக்காதது நாட்டுக்குத்தான் நஷ்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவ வர்றப்ப பூட்ஸ் ரெண்டுலயும் கணுக்கால் வரைக்கும் சேறு.

"எங்க போன?"

"பிக்னிக் மேஜை எண்ணப் போனேன்."

பாவம், இப்படி உழைக்கிறாளேன்னு நானே அந்தச் சேத்தைக் கழுவி பூட்ஸைத் துடைச்சு வச்சேன். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.

சனிக்கிழமை. விடிஞ்சதும் டிரக்கை ரெண்டு மைல் தள்ளி சர்ச் வாசல்ல நிறுத்தினேன். இங்க யாரும் காளான் இடத்துக்குப் பக்கத்துல வண்டி நிறுத்தமாட்டாங்க. போன வருஷம் ஒருத்தன் பள்ளிக்கூட வாசல்ல நிறுத்திட்டு நடந்தான். வாட்ச்மேன் பிடிச்சு விசாரிச்சப்பகூட இடத்தைச் சொல்லலை.

சோளக்கொல்லை ஓரமா குனிஞ்சு போறேன், பின்னால இருமல் சத்தம். வெண்டல் ஸ்க்ராக். பக்கத்து வீட்டுக்காரர், எழுபது வயசு, மூணு வருஷமா எடைப்போட்டியில ரெண்டாவது பரிசு. கையில காளான் போட வெங்காய வலைப்பை.

"என்னடா ரூடி, சர்ச்சுக்கா?"

"ஆமா."

"சனிக்கிழமையா?"

"நாளைக்குக் கூட்டமா இருக்கும்."

"குனிஞ்சுக்கிட்டே ஜெபமா?"

"பணிவு. நீங்க எங்க?"

"நானும் பணிவாத்தான்." பல்லைக் காட்டினார்.

இவரை எப்படிக் கழட்டி விடுறதுன்னு யோசிச்சு, பேச்சை மாத்தினேன். "நீங்க பார்க் போர்டு தலைவராச்சே. புது நடைபாதையைக் கெட்டில் பள்ளம் பக்கம் போடாதீங்க. டெஸ்ஸாகிட்டயே சொல்லிட்டேன்."

"எந்த நடைபாதை?"

"அதான், புதுசா போடப் போறீங்களே."

"நாங்க கூடியே ரெண்டு மாசமாச்சு. கடைசியா பேசினது கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறது பத்தி. அதையே இன்னும் முடிவு பண்ணலை. பாதையா?"

டெஸ்ஸா மேப்புல போட்ட அந்தச் சின்ன ஒத்தை வட்டம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"வெண்டல், ஒரு நிமிஷம், வாத்து..."ன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டு ஓடினேன். அவருக்கு முட்டி வலி, ஓட முடியாது. அந்த ஒரு விஷயத்துல கடவுள் என் பக்கம்.

ஒத்தை மரம். ஓடை திரும்புற இடம். நான் போர்த்தின இலையெல்லாம் அழகா ஒதுக்கி வச்சிருக்கு. நடுவுல கத்தியால நறுக்கின தண்டு, அரை அங்குலம். வேரைப் பிடுங்காம, அடுத்த வருஷமும் முளைக்கிற மாதிரி, பக்குவமா நறுக்கியிருக்கு. சுத்திலும் பார்த்தேன். பெரிசெல்லாம் போச்சு. சின்னதை மட்டும் பத்திரமா விட்டிருக்கு. சேத்துல ஒரு பூட்ஸ் தடம். நான் துடைச்ச அதே பூட்ஸ்.

அழலாம்னுதான் உக்காந்தேன். ஆனா அந்த வெட்டைப் பார்க்கப் பார்க்க, சத்தியமா சொல்றேன், பெருமையா இருந்துச்சு. நானே இவ்வளவு சுத்தமா நறுக்கினதில்லை.

திருவிழாவுக்குப் போனேன். மேடையில தராசு, தராசுல என் பிள்ளை. பக்கத்துல டெஸ்ஸா, திருமணத்தன்னைக்குக் கட்டின அதே மஞ்சள் ரிப்பனோட.

"பதினாலு அவுன்ஸ்! இந்த வருஷச் சாம்பியன் டெஸ்ஸா வாண்டர்ஹோஃப்!"

முன்வரிசையில கணக்கு வாத்தியார் எழுந்து நின்னு கைதட்டினார். எனக்கு அவர் எழுந்ததே இல்லை.

'அது என் மரம், என் பள்ளம்'னு கத்த வாயைத் திறந்தேன். இடது பக்கம் வெண்டல், காதை முயல் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கிறார். கத்தினா கோப்பையோட பள்ளமும் போயிரும். வாயை மூடிக்கிட்டு ரெண்டு கையாலயும் தட்டினேன். ஊரே பார்த்துச்சு. எவ்வளவு நல்ல புருஷன்னு ஒரு கிழவி கண்ணைத் துடைச்சுக்கிச்சு.

கீழ இறங்கி வந்த டெஸ்ஸா, பார்க் ஆபீஸ் மேஜையிலேர்ந்து ஒரு மூணு மடிப்புத் தாளை எடுத்து என் கையில வச்சா. கவுண்டிக்கு வர்றவங்களுக்காக அடிச்ச புதுத் தாள். பிரிச்சேன். 'பெரிய அருவி கத்தும், எங்க அருவி பேசும்.' 'போன மூச்சு திரும்பி வரும்.' பைசன் பார்வையில அன்பு. பாலத்துல புறா. எல்லாம் என் வாய். அயல் மாநிலத்து நம்பர் ப்ளேட் போட்ட ஒரு குடும்பம் அதை வாசிச்சுட்டு, கோபுரத்துக்கு வழி கேட்டுக்கிட்டு நின்னுச்சு.

"உன் பேச்சை எதுக்கு வீணாக்கணும்?"ன்னு சொன்னா டெஸ்ஸா. "ஆறு வேலையில ஒருத்தருக்கும் தெரியலை, உனக்கு வாய்தான் வேலைன்னு. திங்கக்கிழமையிலேர்ந்து ஆபீஸுக்கு வா. வர்றவங்களைச் சுத்திக் காட்ட ஆள் வேணும். போர்டு ஆளுங்ககிட்ட தனித்தனியா சொல்லிட்டேன்."

"வெண்டல் ஒண்ணும் சொல்லலையே?"

"தாழ்ப்பாள் மாட்டுறதும் உன் வேலைதான்னு சொன்னேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டார்."

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் மேப். பாலம் இருக்கு, அருவி இருக்கு, சைலோ இருக்கு. ஓடைக்கு வடக்கால கெட்டில் பள்ளம் இருக்கவேண்டிய இடத்துல ஒண்ணுமில்லை. வெறும் பச்சை. அந்தப் பள்ளமே பூமியில இல்லாத மாதிரி அழிச்சிருந்தா. அறிவு கெட்டவன் நான் இலையைப் போட்டு மறைச்சேன். இவ கவுண்டியையே போட்டு மறைச்சுட்டா.

சாயங்காலம் சமையலறையில வெண்ணெய் உருகுற வாசம். உப்புத்தண்ணியில ஊறின காளானை முட்டையில தோய்ச்சு, பிஸ்கட் தூளுல புரட்டி, ஒண்ணொண்ணா கடாயில போட்டா. குளிர்பெட்டி மேல கோப்பை என்னைப் பார்த்து நிக்குது.

கடைசியா ஒரு முயற்சி பண்ணிப் பார்த்தேன். அவ வாயாலயே ஒத்துக்கட்டுமே.

"டெஸ், இதெல்லாம் எங்க பறிச்ச?"

அவ திரும்பிக்கூடப் பார்க்கலை.

"கட்டின புருஷன்கிட்டகூடச் சொல்லக்கூடாது ரூடி. தட்டை நீட்டு."

நீட்டினேன்.