ஜீன் சரியில்லாத மாப்பிள்ளை

ஜாதகம் சரியில்லை என்று நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. மாப்பிள்ளை சரியில்லை என்று நின்றவை அதைவிட அதிகம். ஜீன் சரியில்லை என்று சொல்லித் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்தப் போனவன், எனக்குத் தெரிந்து மதுரை வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஊருக்கு வெளியே ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். (சேர்ந்து எட்டு மாதம்தான். வீட்டில் நான் பேசிய பேச்சைக் கேட்டால், பட்டம் வாங்கி எட்டு வருடம் ஆனவன் என்று நினைப்பீர்கள்.) கருத்தரங்கில் பேச எனக்குக் கொடுத்த தலைப்பு, பி.ஓ.எல்.எச். என்கிற மனித ஜீன். அதைக் கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

விஷயம் இதுதான். நம் உடம்பு ஓயாமல் டி.என்.ஏ.வை நகலெடுத்துக்கொண்டே இருக்கிறது. வெயில் பட்டு ஓர் இடம் கெட்டுப்போயிருந்தால், வழக்கமாக நகலெடுக்கும் என்சைம் அங்கே வந்ததும் நின்றுவிடும், தோண்டிப் போட்ட ரோட்டில் டவுன் பஸ் நிற்கிற மாதிரி. அப்போது இந்த ஜீன் தயாரிக்கும் என்சைம் ஷேர் ஆட்டோக்காரரைப் போல வந்து, பள்ளத்தின் மேலேயே ஏற்றி இறக்கிப் போய்விடும். அம்மா கொடுத்த ஜீன், அப்பா கொடுத்த ஜீன் இரண்டுமே பழுதென்றால் அந்த என்சைம் வேலை செய்யாது. வெயில் பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகள் வரும். போகப் போகப் புற்றுநோயே வரலாம். உலகத்திலேயே மிகச் சிலருக்குத்தான் இந்த நோய்.

மிகச் சிலருக்குத்தான் என்று படித்தவுடனே எனக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் சட்டையை மடித்தபோது முன்கையில் நான்கு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. சோப்புப் போட்டேன், போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தேன், தோல் போனது, புள்ளி போகவில்லை. நாம்தான் விஞ்ஞானி ஆயிற்றே என்று மறுநாள் ஒரு சோதனை செய்தேன். காலையில் ஆய்வகத்தில், டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரிவதற்காக ஜெல்லுக்குச் சாயம் ஏற்றும் வேலையை முடித்துவிட்டு, உச்சி வெயிலில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் கையை நீட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். (இரண்டு பேர் பஸ் கேட்கிறேன் என்று நினைத்து நேரம் சொன்னார்கள்.) நான்காக இருந்த புள்ளிகள் ஒன்பதாயின. கண் முன்னாலேயே முளைத்தன. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அவருக்கு இந்த ஜீனைப் பற்றித் தெரிந்திருக்காது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, முகத்தைச் சுற்றித் துண்டு, நடந்து போனால் குடை. டீக்கடை அண்ணனுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "என்ன மாப்ள, எந்தப் புள்ளைக்குப் பயந்து இம்புட்டு மறைப்பு?" என்றார்.

அவர் விளையாட்டாகக் கேட்டார். ஆனால் உண்மையிலேயே ஒரு பெண் இருந்தாள். பசுமலையில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாணி. போன மாதம்தான் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். ஐந்து நிமிடம் தனியாகப் பேசியதில் நாலரை நிமிடம் நான் பேசினேன். மீதி அரை நிமிடத்தில் அவள் சிரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால்தான் சோறு இறங்கவில்லை. இப்போது கேலியாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் பத்து நாளும் நிஜமாகவே பயந்து செத்தேன். அவளை ஏமாற்றிக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அதை அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். மகா உத்தமனாயிற்றே, சபையில்தான் சொல்வேன் என்று காத்திருந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பசுமலைக்குப் போனோம். இரு பக்கமும் சேர்த்துப் பதினோரு பேர். கேசரி வந்தது. நான் எழுந்து நின்று, துண்டை அவிழ்த்து, ஜீனில் ஆரம்பித்து என்சைம் வழியாகப் புற்றுநோய் வரைக்கும் பேசினேன்.

"எங்கம்மாகிட்ட ஒரு குறை இருக்கு, எங்கப்பாகிட்ட ஒரு குறை இருக்கு. ரெண்டும் சேந்து எனக்கு வந்திருக்கு. இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று முடித்தேன்.

 முதலில் அம்மா எழுந்தாள். "யாருகிட்டடா குறை? எங்கப்பன் வீட்டுல எம்புட்டுப் பேரு எம்பது வயசு தாண்டி இருக்காகன்னு தெரியுமாடா ஒனக்கு?"

"அப்ப எங்க வீட்டுலதான் குறையாக்கும்?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சீறினார். பிறகு இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான்.

வாணியின் தாய்மாமா சுந்தரம் பஸ் டெப்போவில் ஃபோர்மேன். அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "மாப்ள, வேற எங்கயும் மனசு போயிருச்சுன்னா நேராச் சொல்லிருங்க. ஜீனு கீனுன்னு சுத்தி வளைக்காதீக" என்றார்.

அப்போதுதான் அடுப்படி வாசலில் நின்ற வாணி நேரே என்னிடம் வந்தாள்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொரு கை?"

காட்டினேன். அது பளிச்சென்று இருந்தது.

"ஒங்களுக்கு வெயிலு எடது கையில மட்டுந்தான் அடிக்குமா?"

நான் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவளே கேட்டாள். "லேப்ல சில்வர் நைட்ரேட் தொடுறீங்களா?"

தொடுகிறேனாவது! தினமும் ஜெல்லுக்கு நான் ஏற்றிய சாயமே அதுதான். பேராசிரியர் கையுறைப் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். அதை வலது கையில் மாட்டிக்கொண்டு, இடது கையை அப்படியே விட்டிருந்தேன். சில்வர் நைட்ரேட் தெறித்தால் உடனே தெரியாது. வெயில் பட்டதும் கறுக்கும். இது எனக்குத் தெரியாதா? அந்தப் பாட்டிலில் வெளிச்சம் படக் கூடாது என்று கறுப்புக் காகிதம் சுற்றி வைத்தவனே நான்தான்.

"எங்க புள்ளைகளுக்கு பிராக்டிகல் முடிஞ்சா வெரலெல்லாம் இப்படித்தான் இருக்கும். பத்து நாள்ல தோலோட உரிஞ்சு போயிரும். ஒரு பயலும் இதுக்காகக் கல்யாணத்த நிறுத்தல" என்றாள் வாணி.

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு பதினோரு பேரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் சாக மாட்டோம், இவளையே கட்டிக்கொள்ளலாம் என்ற நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தோ என்னவோ, அவள் என் கையை விடவே இல்லை.

சுந்தரம் மாமா தொண்டையைச் செருமினார். "தாயி, இத்தன பேரு முன்னாடி மாப்ள கையப் புடிச்சிட்ட. இனி நிச்சயதார்த்தம் எதுக்கு? நேரா முகூர்த்தத்தப் பாருங்கப்பா."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீரை அவரே மைக்கில் வாசித்தார். பட்டுப்புடவை, குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு என்று வரிசையாக வாசித்தவர் கடைசியில், "லேப் கையுறை ஒரு பெட்டி, நூறு எண்ணம். எடது கைக்கும் சேத்து" என்றார். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது.

பிறகு நான் ஆய்வகத்தை விட்டுவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டேன். கையில் படுவதெல்லாம் சாக்பீஸ் தூள்தான். மாமா கேட்பதாக இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர் கொண்டுவரும்போது கரும்பு, மஞ்சள் கொத்துக்கு நடுவே ஒரு பெட்டி கையுறையும் இருக்கும். அம்மா அதை வாழைப்பூ ஆய எடுத்துக்கொள்கிறாள். யாராவது வீட்டுக்கு வந்து, "என்னக்கா, ஆஸ்பத்திரி நர்ஸு மாதிரி கையில?" என்று கேட்டுவிட்டால் போதும், அம்மா ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைக் கை காட்டுவாள்.

"எங்க ரெண்டு பேரு வம்சத்துலயும் குறைன்னு சொன்னான்ல, அந்த விஞ்ஞானிக்கு வந்த சீரு."